முடிவு ஜெபம்

கலவை மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரெண்டு தெரு தள்ளிப் புதிதாகக் கட்டுகிற கல்யாண மண்டபத்தின் வாசலில் நின்று அது ஜல்லியையும் மணலையும் புரட்டுகிற சத்தம், ஆலயத்தின் கம்பி ஜன்னல் வழியாக நுழைந்து, மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருந்த அருமைநாயகத்தின் இடது காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஓடட்டும், ஓடுகிற வரைக்கும் ஒன்றுமில்லை, நின்றால்தான் பயப்படவேண்டும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பயம் என்ன பயம், இருபத்தாறு வருஷமாக சென்ட்ரிங் மேஸ்திரி, அவர் அடித்த பலகை மேல் ஊற்றிய கான்கிரீட் எத்தனை வீட்டுக்குக் கூரையாக நிற்கிறது, ஒன்றாவது ஒரு விரல்கடை இறங்கியிருக்கிறதா? இல்லை. அப்புறம் ஏன் அக்குள் இப்படி நனைகிறது? மார்கழி மாதத்துக் காலை, தலைக்கு நேர்மேலே மின்விசிறி, பக்கத்தில் இருக்கிற ரிட்டயர்டு வாத்தியார் குளிர் தாங்காமல் துண்டை இழுத்துப் போர்த்தியிருக்கிறார், இவருக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் பத்து அம்பது. கையில் இருந்த ஆராதனைத் தாளை நூறாவது தடவையாகப் பார்த்தார். பாட்டு, வேதவாசிப்பு, காணிக்கை, பிரசங்கம், கடைசி வரியில் முடிவு ஜெபம், அதற்கு நேரே மூப்பர் அருமைநாயகம் என்று அவருடைய பேர். பேர் அச்சில் இருக்கிறது, அதனால் எழுந்து போக முடியாது. அதுதான் காரணம், வேறென்ன காரணம். ஓய்வுநாளில் வேலைத்தலத்துக்குப் போகிற மனுஷனா அவர்? வெள்ளிக்கிழமை சூரியன் அடைந்தால் சனிக்கிழமை சூரியன் அடையும் வரை சுத்தியலைத் தொடாத சபை இது, சனிக்கிழமைச் சோற்றையே வெள்ளிக்கிழமை வடித்துவைக்கிற வீடு அவருடையது, போனைக்கூட நேற்று சாயங்காலமே அணைத்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்தாயிற்று. அது அங்கே ஊமையாகக் கிடக்கும். யார் கூப்பிட்டாலும் கேட்காது. கேட்காமல் இருப்பது நல்லதுதான், என்று நினைத்தவுடன் அந்த நினைப்பே அவரைச் சுருக்கென்று குத்தியது.

இசக்கிமுத்து இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான். ஒன்பது வருஷமாக அவருக்குக் கையாள், கையாள் என்ன, பாதி மேஸ்திரி. சனிக்கிழமை கான்கிரீட் போட்டால் அருமைநாயகம் நிற்கவேண்டிய இடத்தில் அவன்தான் நிற்பான். அந்த இடம் எது தெரியுமா, மேலே அல்ல, கீழே. மேலே கொத்தனார், சித்தாள், வைப்ரேட்டர்காரன் என்று பத்துப் பதினைந்து பேர் கலவையை மிதித்துக்கொண்டு திரிவார்கள், கீழே பலகைக்கு அடியில், முட்டுகளுக்கு நடுவே, ஒரே ஒரு ஆள் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான், எங்காவது பலகை பிதுங்குகிறதா, எந்த முட்டாவது முனகுகிறதா என்று. முட்டு என்றால் சவுக்குக் கட்டை. ஊற்றின கலவை இறுகிக் கல்லாகும் வரைக்கும் அத்தனை பாரத்தையும் அதுதான் தாங்கவேண்டும். கட்டையை நிறுத்தினால் மட்டும் போதாது, அதன் அடியில் எதிரும் புதிருமாக ரெண்டு மர ஆப்பைச் சொருகி சுத்தியலால் அடிக்கவேண்டும், கட்டை மேலே ஏறிப் பலகையைக் கடித்துப் பிடிக்கும் வரை அடிக்கவேண்டும். ஆப்பு ஏறாத முட்டு பார்வைக்கு மற்ற முட்டு மாதிரியேதான் நிற்கும், ஆனால் ஒன்றையும் தாங்காது. இசக்கிமுத்து ஒவ்வொரு முட்டாகப் போய் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பான், கடித்து நிற்கிற கட்டைக்கு ஒரு சத்தம், சும்மா நிற்கிற கட்டைக்கு ஒரு சத்தம், அவனுக்குத் தெரியும். பாக்கை ஒரு கன்னத்தில் அதக்கிக்கொண்டு, “இவன் ஒழுங்கா நிக்கான், இவன் தூங்குதான் அண்ணாச்சி” என்பான். தட்டியிருப்பான். கண்டிப்பாகத் தட்டியிருப்பான். காலையில் ஏழு மணிக்கே வந்து, எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, தூங்குகிற பதினோரு பேரையும் கண்டுபிடித்து ஆப்பு அடித்திருப்பான், இந்நேரம் மனசுக்குள்ளே அண்ணாச்சியை நாலு ஏச்சு ஏசிக்கொண்டு நிற்பான். ஏசட்டும். நன்றாக ஏசட்டும். அருமைநாயகத்துக்கு அப்படி ஒரு ஏச்சு வாங்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

பதினோரு முட்டு. போர்டிகோவின் பெரிய பீமுக்கு அடியில், தெருவைப் பார்த்த பக்கம், வரிசையாகப் பதினோரு முட்டு. மூன்று நாலு காரை உள்ளே விடுகிற மாதிரி அகலமான போர்டிகோ, பதினாறு அடி உயரம், பீம் ஒரு ஆள் இடுப்பளவு ஆழம். பின்பக்கம் சமையல்கட்டிலிருந்து கலவையைப் போட ஆரம்பித்து முன்னே முன்னே வருவார்கள். எட்டு மணிக்குத் தொடங்கினால் பெரிய பீமுக்கு வர பன்னிரண்டு ஆகும், பதினொன்றே முக்காலுக்கு முன்னால் வரவே முடியாது. அப்படியென்றால் இன்னும் நேரம் இருக்கிறது. இப்போது எழுந்து போனால்கூட, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தால், பதினோரு முட்டுக்கும் ஆப்பு அடிக்க அரைமணி நேரம் போதும். அரைமணி நேரம்! அந்த அரைமணி நேரம் நேற்று எங்கே போயிற்று? இங்கேதான் அவருடைய நினைப்பு ஒவ்வொரு தடவையும் கால் இடறியது. சூரியன் அடைந்துவிட்டது, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன், கர்த்தருடைய நாளுக்காக வைத்தேன் என்றுதான் நேற்று ராத்திரி முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குச் சூரியன் அடைந்தது வாஸ்தவம். அதற்கு முன்னால் மத்தியானம் ரெண்டரையிலிருந்து ஐந்து வரைக்கும் சூரியன் எங்கே போயிருந்ததாம்? வானத்தில்தான் இருந்தது. அருமைநாயகம்தான் டீக்கடையில் இருந்தார். என்ஜினியர் எல்லார் முன்னாலும் வைத்து, “சனிக்கிழமை வரமாட்டேங்கிற மேஸ்திரிய வச்சுக்கிட்டு நான் எப்படி வேலையை முடிக்கிறது? சாமியைக் கும்பிடுங்க, யாரு வேண்டாங்கா? வேலைக்கு நடுவுல கொண்டாராதீங்க” என்று சொல்லிவிட்டார். சித்தாள்கள் பார்த்தார்கள். கம்பி கட்டுகிறவன் ஒருத்தன் சிரித்தான். அவ்வளவுதான், ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது மூப்பருக்கு. சுத்தியலைப் போட்டுவிட்டு நடந்தார், டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார், ஒரே பேப்பரை மூன்று தடவை படித்தார், தேடி வருவார்கள், வந்து கெஞ்சுவார்கள் என்று காத்திருந்தார். ஒரு நாய்கூடத் தேடி வரவில்லை. ஐந்து மணிக்குத் தானாகவே எழுந்து வந்து, வெறிபிடித்த மாதிரி வேலை பார்த்து, கட்டைகளை எல்லாம் நிறுத்தி, ஆப்பு அடித்துக்கொண்டே வரும்போது வெளிச்சம் போய்விட்டது. பதினோரு முட்டு பாக்கி.

போதகர் ஏனோக் பிரசங்க மேடைக்கு வந்து கண்ணாடியைத் துடைத்தார். நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் இன்றைக்குப் பார்த்து பத்துக் கட்டளைகளில் நாலாம் கற்பனையை எடுத்துக்கொண்டார். ஓய்வுநாளை எல்லாரும் பேசுகிறோம், அதே கற்பனைக்குள்ளே ஆறு நாள் வேலை செய் என்றும் இருக்கிறது, அதை யாராவது கவனித்தோமா என்று கேட்டார். அதுவும் கட்டளைதான் பிள்ளைகளே, ஆறு நாளும் உண்மையாய் உழைத்து உன் கிரியையை எல்லாம் முடித்தவனுக்குத்தான் ஏழாம் நாள் இளைப்பாறுதல், மற்றவனுக்கு அது வெறும் லீவு, என்றார். இது அருமைநாயகம் தானே சொல்கிற வார்த்தை. இசக்கிமுத்துவிடம் ஒன்பது வருஷமாக, மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில், தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஆறு நாள் வேலையை மிச்சம் வைக்காம முடிச்சாதாம்ல ஏழாம் நாள் ஓய்வு, இல்லைன்னா அது சோம்பேறித்தனம்” என்று எத்தனை தடவை பிரசங்கம் பண்ணியிருக்கிறார்! அவனும் ஊறுகாயை நக்கிக்கொண்டே, “அப்போ எங்க சாமி எங்களுக்கு ஒரு நாளும் லீவு தரல அண்ணாச்சி, கோயில் கொடையப்போ ரெண்டு நாளு, அதுலயும் பந்தல் போடுத வேலை எங்க தலைமேல” என்று சிரிப்பான். அவனிடம் போய் எப்படிச் சொல்வது? ஏல இசக்கி, நான் ரோஷப்பட்டு டீக்கடையில உக்காந்துட்டேன், வேலை மிச்சம் கிடக்கு, நீ முடிச்சிரு என்று எந்த வாயால் சொல்வது? வாயை விட்டிருந்தால் என்ன, நாக்கு அழுகியா போயிருக்கும்? இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லையே.

நேற்று ஆறு மணிக்கு அவன் வந்தான். மிச்சமான சென்ட்ரிங் தகரங்களை வாடகைக் கடையில் இறக்கிவிட்டு லோடு ஆட்டோவில் வந்து குதித்தான், இவர் கை கழுவிக்கொண்டிருந்தார். இந்த இடத்தைத்தான் நேற்றிலிருந்து இவர் நினைக்காமல் சுற்றிச் சுற்றிப் போகிறார். அவன் கேட்டானா, கேட்கவில்லையா? சரியாக ஞாபகம் இல்லை என்று கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார். இருட்டு, அவசரம், குழாய்த் தண்ணீர்ச் சத்தம், அவன் ஏதோ சொன்னான், இவர் ஏதோ சொன்னார். ஏதோ இல்லை. கேட்டான். “பெரிய பீமுக்கு அடியில எல்லாம் ஆச்சா அண்ணாச்சி? நான் வேணா ஒருக்கா தட்டிப் பாத்துட்டுப் போகட்டுமா?” என்று கேட்டான். இவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே, துண்டுக்குள்ளேயிருந்து, “எல்லாம் முடிஞ்சிட்டுல. காலையில தைரியமா ஊத்தச் சொல்லு” என்றார். அவன், “நீங்க சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்குத் தட்டணும், போய்ட்டு வாங்க, நாளைக்கு எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கிடுங்க” என்றான். தட்டமாட்டான். அவர் சொன்னால் அவன் தட்டமாட்டான். ஒன்பது வருஷத்தில் அவர் முடித்தேன் என்று சொன்ன வேலையை அவன் ஒரு நாளும் தட்டிப் பார்த்ததில்லை. ஐயோ, ஆண்டவரே. அருமைநாயகம் பெஞ்சின் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேலை செய்யாமல் இருப்பதற்காகச் சுத்தியலைக் கீழே வைத்தவர், கீழே வைத்த கையோடு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, பெண்டாட்டி எப்சிபாவோடு உட்கார்ந்து, ஓய்வுநாளை வரவேற்கிற பாட்டைப் பாடினார். நல்ல குரலெடுத்துப் பாடினார். அவள்கூட, “இன்னைக்கு என்னங்க, இவ்வளவு சத்தமா?” என்று கேட்டாள்.

எப்சிபா அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை திரும்பி அவரைப் பார்த்தாள், உடம்பு சரியில்லையா என்று புருவத்தால் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். கடிகாரம் பதினொன்று இருபது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதும் போகலாம். ஓய்வுநாளில் ஆடு குழியில் விழுந்தால் தூக்கிவிடலாம் என்று வேதத்திலேயே இருக்கிறதே, இவரே ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறாரே. ஆடு விழுந்தால் தூக்கலாம் சரி, விழப்போகிற ஆட்டை என்ன செய்வது, அதுவும் குழியை வெட்டி வைத்தவன் தானேதான் என்றால்? போனால் குனிந்து ஆப்பு அடிக்கவேண்டும். அடிக்கும்போது என்ஜினியர் பார்ப்பார், சிரித்தானே அந்தக் கம்பிக்காரன், அவன் பார்ப்பான், வெள்ளை வேட்டி சட்டையில் சனிக்கிழமை வேலைக்கு வந்துட்டாருடா மூப்பர் என்பான். இசக்கிமுத்து சிரிக்கமாட்டான், அவன் பதினோரு முட்டையும் பார்ப்பான், பிறகு இவர் முகத்தைப் பார்ப்பான். அதுதான் தாங்காது. பயம் எல்லாம் அந்தப் பார்வைக்குத்தான், கர்த்தருக்கு இல்லை, கற்பனைக்கு இல்லை. இதை ஒத்துக்கொண்டபோது அருமைநாயகத்துக்கு அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்துப் போதகர், “நம்ம மூப்பரைப் பாருங்க” என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. “ரெண்டு தெரு தள்ளி அவரு எடுத்த வேலை நடக்குது, மிஷின் சத்தம் நமக்கே கேக்குது. ஆனா அவரு நேத்து சூரியன் அடையுறதுக்குள்ள வேலையை முடிச்சு, கருவியைக் கீழ வச்சுட்டு, இன்னைக்கு ஆண்டவர் சமுகத்துல நிம்மதியா உக்காந்திருக்காரு. இதுதான் பிள்ளைகளே இளைப்பாறுதல்.” வாத்தியார் அவருடைய தொடையில் மெல்லத் தட்டிக்கொடுத்தார். அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். தாழ்மை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

பதினொன்று முப்பத்தைந்து. போகிறேன், போயே தீருவேன், பேர் அச்சில் இருந்தால் என்ன, வாத்தியார் ஜெபிக்கட்டும். கடைசிப் பாட்டுக்குச் சபை எழுந்து நின்றது, இவரும் எழுந்தார், பெஞ்சு நுனிக்கு ரெண்டு அடி நகர்ந்தார். வாசல் தெரிந்தது, வெயில் தெரிந்தது, வெளியே கழற்றிப் போட்ட செருப்புகள் தெரிந்தன. மூன்று வருஷத்துக்கு முன்னால் இசக்கிமுத்து அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான். ஸ்டோர் ரூம் சாவியை இவர் பையிலேயே கொண்டுவந்துவிட்டார், அதைக் கேட்டு வந்தவன், எல்லாரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருக்கும்போது செருப்புக் காலோடு வந்து இவர் தோளைத் தொட்டு, “அண்ணாச்சி, சாவி” என்றான். ஞாயிற்றுக்கிழமை வேலைத்தலத்தில் வைத்து அவனை உண்டு இல்லை என்று ஆக்கினார். “ஜெபம் பண்ணும்போது நாங்க ஆண்டவருக்கு முன்னால நிக்கோம்ல. ஆமென் சொல்லுத வரைக்கும் வாசல்லயே நிக்கணும். தலை போற காரியமா இருந்தாலும் நிக்கணும், தெரிஞ்சுக்கோ” என்றார். அவனுக்கு முகம் வாடிவிட்டது, கோபப்படவில்லை, அன்றைக்கே சித்தாள் கொத்தனார் எல்லாரிடமும் சொல்லி வைத்துவிட்டான், அண்ணாச்சி ஜெபத்துல இருந்தா யாரும் உள்ள போகப்படாது, ஆமென்னு சத்தம் கேட்ட பொறவுதான் கூப்பிடணும் என்று. அவன் அப்படித்தான், ஏசினாலும் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வான். அவனுக்காகவாவது போகவேண்டும். இன்னும் ஒரு அடி நகர்ந்தார். பாட்டு முடிந்தது. “மூப்பர் ஐயா முன்னால வந்து நம்மை ஜெபத்தில் நடத்துவாங்க” என்றார் போதகர், வழிவிட்டு ஒதுங்கினார். நூத்தம்பது பேர் முழங்கால் போட்டார்கள். வாசலுக்குப் போகிற வழியெல்லாம் முழங்கால்களும் முந்தானைகளுமாக அடைபட்டுக் கிடந்தது. அதைத் தாண்டிப் போகலாம்தான். யார் பிடித்துக் கட்டியா வைத்தார்கள்? அருமைநாயகம் மேடையைப் பார்த்து நடந்தார், முழங்கால் போட்டார், கண்ணை மூடினார்.

கிருபையுள்ள பிதாவே, இந்த நல்ல ஓய்வுநாளுக்காக ஸ்தோத்திரம் என்று வாய் தொடங்கியது. வாய்க்குப் பழக்கம், அது பாட்டுக்குப் போகும், இருபது வருஷத்து வார்த்தைகள் தேய்ந்து வழுவழுப்பாகக் கிடக்கின்றன, மனசு கூடவே வரவேண்டும் என்பதில்லை. மனசு இடது காதில் இருந்தது. ஆறு நாளும் எங்களை நடத்தி வந்தீரே, ஸ்தோத்திரம். மிஷின் ஓடுகிறது. எங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதித்தீரே, ஸ்தோத்திரம். ஓடுகிறது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை, லாரியிலிருந்து அரிசி மூட்டையை இறக்கிப் போட்டால் வருமே, அந்த மாதிரி ஒன்று, அதைத் தொடர்ந்து பலகைகள் சரிகிற மாதிரி ஒன்று. மிஷின் கொஞ்ச நேரம் தனியாக ஓடியது, பிறகு நின்றது. டீசல் தீர்ந்திருக்கும். டீ குடிக்கப் போயிருப்பார்கள். மணி பன்னிரண்டு ஆகிறது, யாராவது டீக்கு விடுவார்களா? தூரத்தில் கூப்பாடு கேட்டது, ஒரு பெண் குரல், பிறகு பல குரல். சபையில் யாரும் அசையவில்லை, தெருவில் ஆயிரம் சத்தம், கல்யாண மண்டபத்துப் பக்கம் எப்போதும் சத்தம்தான். வாய், வியாதியஸ்தர்களை நினைத்தருளும் என்றது. எழுந்திரு, என்றது மனசு. எழுந்தால் என்ன ஆகும், கண்ணைத் திறக்கவேண்டும், கண்ணைத் திறந்தால் அது நடந்ததாகிவிடும். மூடியிருக்கிற வரைக்கும் டீசல்தான் தீர்ந்திருக்கிறது. பிரயாணத்தில் இருக்கிற பிள்ளைகளைக் காத்தருளும். ஈரக் கால் ஒன்று வாசல் தரையில் சப்பென்று வைக்கிற சத்தம், இன்னொரு கால், பிறகு சத்தம் இல்லை. பச்சைச் சிமெண்டு வாசம் வந்தது. இருபத்தாறு வருஷமாக அவருடைய சட்டையில் இருந்த வாசம், எப்சிபா எவ்வளவு துவைத்தும் போகாத வாசம், இன்றைக்கு அவர் மேல் இல்லாத வாசம், வாசலிலிருந்து வந்தது. யாரோ வந்து நிற்கிறார்கள். ஆமென் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பரீட்சை எழுதுகிற மாணவர்களை நினைத்தருளும் என்றார். விதவைகளை, திக்கற்றவர்களை நினைத்தருளும் என்றார். தேசத்தை ஆளுகிறவர்களுக்கு ஞானத்தைத் தாரும், பருவத்தில் மழையைத் தாரும். யாரோ இருமினார்கள். வாசலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அழுகையை அடக்குகிற சத்தம், அதையும் கேட்டார். கேட்டுக்கொண்டே, வெளியூர்ச் சபைகளுக்காக ஜெபித்தார். ரெண்டு நிமிஷத்தில் முடிக்கிற மனுஷன் அன்றைக்குப் பத்து நிமிஷம் ஜெபித்தார், ஊழியங்களுக்காக, வாலிபருக்காக, வயதானவர்களுக்காக, தெரிந்த பேர் தெரியாத பேர் எல்லாவற்றையும் சொல்லி ஜெபித்தார், ஒரே ஒரு பேரை மட்டும் நாக்கு எட்டி எட்டிப் போய்த் தொடாமல் திரும்பி வந்தது. கடைசியில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. வாய் வெறுமனே அசைந்தது. போதகர் மெல்லத் தொண்டையைச் செருமினார். ஆமென் என்றார் அருமைநாயகம். ஆமென் என்றது சபை.

கண்ணைத் திறந்தபோது வாசலில் சித்தாள் பேச்சியம்மாள் நின்றாள். செருப்பை வெளியே கழற்றிப் போட்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் கலவை, புடவையெல்லாம் கலவை. மற்றவர்களைப் பார்த்துத் தானும் கையைக் கூப்பியிருந்தாள்.

“அண்ணாச்சி, பீம் இறங்கிட்டு அண்ணாச்சி. இசக்கியண்ணன் அடியில மாட்டிக்கிட்டு. உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லிச்சு. எந்த முட்டை எடுத்தா எது சரியும்னு உங்களுக்குத்தான் தெரியுமாம், அண்ணாச்சி வராம ஒருத்தனும் ஒண்ணையும் தொடாதீங்கன்னு சொல்லிச்சு. எல்லாரும் தொடாம நிக்காங்க.”

எப்சிபா எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். வாத்தியார், “நீ எப்பம்மா வந்த?” என்று கேட்டார்.

“வந்து நேரமாச்சு சார். ஜெபத்துல இருந்தாவ. ஆமென் சொல்லுத வரைக்கும் கூப்பிடப்படாதுன்னு அண்ணன்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கு.” அவள் அருமைநாயகத்தைப் பார்த்தாள். “நான் வரும்போது இசக்கியண்ணன் பேசிக்கிட்டுதான் இருந்தது அண்ணாச்சி. அண்ணாச்சி முடிச்சிட்டேன்னு சொன்னாவளே, அப்புறம் எப்படிப் போச்சு, எப்படிப் போச்சுன்னு அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தது.”

அருமைநாயகம் மேடையிலிருந்து இறங்கி ஓடினார். ஓடும்போதே, “நான் முடிக்கல, பதினோரு முட்டுக்கு ஆப்பு அடிக்கல, நான் முடிக்கல” என்று சொல்லிக்கொண்டு ஓடினார், சபை முழுக்கக் கேட்டது. வாசல்படியில் அவர் கால் வைத்தபோது, கொத்தனார் செல்லையா தெருவில் ஓடி வந்துகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் செல்லையா ஓட்டத்தைக் குறைத்தார், கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார், தலையில் கட்டியிருந்த துண்டை மெல்ல அவிழ்த்தார்.

“இனி மெதுவா வாங்க அண்ணாச்சி” என்றார் செல்லையா. “இப்பதான்.”

பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் வந்த உடனேயே கூப்பிட்டிருக்கணும்” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “கூப்பிட்டிருந்தா எடுத்திருக்கலாமே, கூறுகெட்டவ, சும்மா நின்னுட்டேனே, நான்தானே நின்னுட்டேன்!”

அருமைநாயகம் அவள் முன்னால் போய் மண்டியிட்டு, அடிக்கிற அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கலவை அவர் விரலெல்லாம் ஒட்டியது.

“இல்ல தாயி” என்றார். “நீ வந்து நின்னது எனக்குத் தெரியும். நான்தான் ஆமென் சொல்லல.”